ஹெல்சின்கியின் எட்டு நாட்கள்: எமில் ஸாட்டோபெக்கின் ஓட்ட வாழ்க்கை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1952 ஜூலை 20 அன்று ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் இறுதிப் போட்டி நடந்தது. 22 அன்று 5,000 மீட்டர் தகுதிச் சுற்றும் 24 அன்று அதன் இறுதியும் நடந்தன. 27 அன்று மாரத்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் இந்த நான்கிலும் ஓடினார். எட்டு நாட்களுக்குள் போட்டி வேகத்தில் அவர் ஓடிக் கடந்த தொலைவு 62 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். மூன்று தங்கங்களையும் வென்றார். மூன்றிலும் புதிய ஒலிம்பிக் சாதனைகளைப் படைத்தார். மூன்றாவதாக ஓடிய மாரத்தான்தான் அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்ற வேறொருவர் இன்றுவரை இல்லை.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் அவருடைய வலிதாங்கும் திறன். ஓடும்போது தலை ஒருபுறம் சாயும், முகம் கோணும், நாக்கு வெளியே தள்ளும், தோள்கள் முறுக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அடுத்த அடியில் விழுந்துவிடுவார் என்று தோன்றும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் வெற்றியின் காரணத்தையும் அந்த முகத்திலேயே தேடினார்கள். அது பிழையான இடம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. காரணம் அவர் தம் பயிற்சியைக் கணக்கிட்ட விதத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. அவரைப் பின்னாளில் முந்திச் சென்றவர்கள் பெரும்பாலும் அதே கணக்கைக் கற்றுக்கொண்டவர்களே. எழுச்சி, சரிவு இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதனால்தான் இந்த ஓட்ட வாழ்க்கை ஆய்வுக்கு உரியதாகிறது.

ஸாட்டோபெக் 1922 செப்டம்பர் 19 அன்று மொராவியப் பகுதியின் கோப்ரிவ்நிட்சே என்னும் சிற்றூரில், வசதியற்ற பெரிய குடும்பத்தில் பிறந்தார். பதின்ம வயதிலேயே ஸ்லீன் நகரிலிருந்த பாட்டா காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றார். நம் ஊர்க் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகையாக நாம் பார்த்துப் பழகிய அதே பாட்டாவின் பிறப்பிடம் அந்த நகரம்தான். 1941இல் தொழிற்சாலை ஏற்பாடு செய்த ஓட்டப் பந்தயம் ஒன்றில், விருப்பமில்லை என்று சொல்லியும், கட்டாயத்தின் பேரில் கலந்துகொண்டார். ஏறத்தாழ நூறு பேரில் இரண்டாவதாக வந்தார். அவருடைய ஓட்ட வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

அவர் முற்றிலும் தாமாகவே கற்றுக்கொண்டவர் என்றொரு கதை பரவலாக உண்டு. அது முழு உண்மை அன்று. ஸ்லீனில் அவருக்கு மூத்த ஓட்டக்காரராக இருந்த யான் ஹலுசா தொடக்க ஆண்டுகளில் பயிற்சியளித்தார். வேகமாக ஓடுவதும் மெதுவாக ஓடுவதும் மாறி மாறி வரும் முறையை முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். 1948க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அரசின் பெருமிதச் சின்னமாக உயர்ந்த மாணவரின் வரலாற்றில் ஆசிரியரின் பெயர் மங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். எனவே அவரை இங்கே குறிப்பிடுவது கடமை என்று கருதுகிறேன்.

ஸாட்டோபெக்கின் ஓட்டத்தைப் புரிந்துகொள்ள, அவர் தமக்குள் கேட்டுக்கொண்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அக்காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் நீண்ட தொலைவை நிதானமாக ஓடியே பயிற்சி பெற்றார்கள். மெதுவாக ஓடத்தான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே, தெரியாதது வேகமாக ஓடுவதுதானே, அப்படியானால் பயிற்சியில் எதைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய வாதம். ஆனால் 10,000 மீட்டரைப் பந்தய வேகத்தில் நாள்தோறும் ஓட எந்த உடலும் இடங்கொடாது. ஆகவே அவர் அந்தத் தொலைவைத் துண்டுகளாக வெட்டினார். 200 மீட்டர் ஐந்து முறை, 400 மீட்டர் இருபது முறை, மீண்டும் 200 மீட்டர் ஐந்து முறை. இடையிடையே ஏறத்தாழ 200 மீட்டர் மெல்லோட்டம். இதுவே 1948 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டிய அவருடைய அன்றாடப் பயிற்சி. வேகமாக ஓடிய பகுதிகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் 1,000, 8,000, 1,000 என்று சரியாக 10,000 மீட்டர் வருகிறது.

இந்த முறை ஏன் பலன் தருகிறது என்பதை இன்றைய உடலியல் எளிதாக விளக்கும். தொடர்ச்சியான ஓட்டத்தில் வேகம் ஓர் எல்லையைக் கடந்தால் தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜனை இரத்தம் கொண்டுசேர்க்க முடிவதில்லை. களைப்பு விரைவில் ஓட்டத்தை நிறுத்திவிடும். அதே வேகத்தைச் சிறு துண்டுகளாக்கி, நடுவில் உடல் ஓரளவே மீளும்படி இடைவெளி விட்டால், ஓர் அமர்வில் அந்த உயர்ந்த வேகத்தில் ஓடும் மொத்த நேரம் பன்மடங்கு கூடுகிறது. இதயம் நெடுநேரம் உச்சத்துக்கு அருகிலேயே வேலை செய்து பழகுகிறது. கால்கள் பந்தய வேகத்தை இயல்பான நடையாக உணரத் தொடங்குகின்றன. ஜெர்மனியில் பயிற்சியாளர் வால்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் இதயத்துடிப்பை அளந்து இதற்கு ஆய்வு வடிவம் கொடுத்தார்கள். ஸாட்டோபெக்கிடம் துடிப்பை அளக்கும் ஆய்வகம் இல்லை. காட்டுப் பாதையில், பனிக்காலமானால் கனத்த இராணுவக் காலணியுடன், ஒவ்வொரு துண்டின் வேகத்தையும் பெரும்பாலும் உணர்வை வைத்தே அளந்து ஓடினார். பயிற்சியைப் பந்தயத்தைவிடக் கடினமாக்கிவிட்டால் பந்தயம் இளைப்பாறலாகிவிடும் என்று அவர் நம்பியதாகத் தெரிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல 400 மீட்டர் ஓட்டங்களின் எண்ணிக்கை இருபதிலிருந்து நாற்பது, அறுபது என்று கூடி, 1954இல் ஒரு கட்டத்தில் ஒரே நாளில் நூறைத் தொட்டது. வேகத் துண்டுகள் மட்டுமே 40 கிலோமீட்டர்! அத்தனையும் ஒரே வேகத்தில் ஓடப்பட்டவை அல்ல, பல துண்டுகள் மிதமான வேகத்திலேயே இருந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு அதே வேகத்தில் நூறு முறை ஓட முயன்றவர்கள் காயப்பட்டார்கள் என்றால் பிழை முறையினுடையது அன்று.

லண்டனில் இம்முறை முதன்முதலாக உலகின் முன் சோதிக்கப்பட்டது. 1948 ஜூலை 30 அன்று, 10,000 மீட்டரில், ஒவ்வொரு சுற்றும் 71 விநாடி என்பது திட்டம். அது அன்றைய உலக சாதனையாளரான பின்லாந்தின் வில்யோ ஹெய்னோவின் வேகம். தொடக்கத்தில் அவசரப்படாமல் கூட்டத்தின் நடுவே ஓடிய ஸாட்டோபெக், பின்னர் முன்னிலையைப் பிடித்து நெருக்கியதில் ஹெய்னோ பந்தயத்தை விட்டே விலகினார். 29 நிமிடம் 59.6 விநாடியில் ஸாட்டோபெக் முடித்தபோது இரண்டாவதாக வந்த பிரான்சின் அலன் மிமூன் ஏறத்தாழ 48 விநாடி பின்தங்கியிருந்தார்.

ஆனால் அடுத்து வந்த 5,000 மீட்டரில் அவர் தோற்றார். தகுதிச் சுற்றில், இருவருமே அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்ட நிலையில், ஸ்வீடனின் எரிக் ஆல்டேனுடன் தேவையே இல்லாமல் இறுதிவரை முட்டி மோதி ஓடினார். இறுதிப் போட்டியில், மழையில் சேறான கரித்தூள் ஓடுதளத்தில், பெல்ஜியத்தின் கஸ்தோன் ரெய்ஃப் நெடுந்தூரம் முன்னே சென்றுவிட்டார். கடைசிச் சுற்றில் ஸாட்டோபெக் பாய்ந்து துரத்தினாலும் 0.2 விநாடி போதவில்லை. இது கால்களின் தோல்வி அன்று; கணக்கின் தோல்வி. நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சின்கியில் நடந்த 5,000 மீட்டர் தகுதிச் சுற்றில் அவர் சக ஓட்டக்காரர்களுடன் பேசிக்கொண்டே, முதலிடத்தைப் பொருட்படுத்தாமல் ஓடி முடித்தார் என்பதைப் பார்க்கும்போது, அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது விளங்கும்.

1950 ஆகஸ்டில் மற்றொரு படிப்பினை அவர் தேடாமலே வந்தது. மாதத் தொடக்கத்தில் பின்லாந்தின் துர்க்கு நகரில் 10,000 மீட்டரை 29 நிமிடம் 2.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதன்பின் கெட்டுப்போன உணவால் நோயுற்று மருத்துவமனையில் படுத்தார். பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பியப் போட்டிகள் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் வெளியே வந்தார். அங்கே 10,000 மீட்டரில் மிமூனை 69 விநாடி வித்தியாசத்திலும் 5,000 மீட்டரில் 23 விநாடி வித்தியாசத்திலும் வென்றார். கடும் பயிற்சிக்குப் பின் கிடைக்கும் ஓய்வு உடலை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இன்றும் பயிற்சியாளர்கள் இதைச் சான்று காட்டுகிறார்கள். பெரிய போட்டிக்கு முந்தைய இரு வாரங்களில் பயிற்சி அளவைக் குறைப்பது இன்று விதி. அன்று நோய் அதைச் செய்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடி, ஒரு மணிக்குள் 20 கிலோமீட்டர் கடந்த முதல் மனிதரானார்.

ஹெல்சின்கிக்குப் புறப்படும் முன் நடந்த ஒன்றை விட்டுவிட்டு அவருடைய ஓட்டத்தை மட்டும் பேசுவது சரியாகாது. 1,500 மீட்டர் ஓட்டக்காரரான ஸ்தனிஸ்லாவ் யுங்விர்த்தின் பெயர், அவருடைய தந்தையின் அரசியல் நிலைப்பாட்டைக் காரணம் காட்டிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. யுங்விர்த் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று ஸாட்டோபெக் விமானம் ஏறாமல் நின்றுவிட்டார். அவரோ இராணுவ அதிகாரி. ஆட்சியோ மறுப்பைப் பொறுக்காத ஆட்சி. கடைசியில் அதிகாரிகள் இறங்கிவந்தனர். இருவரும் பிந்திச் சென்றுசேர்ந்தனர். தம் வாழ்நாளின் மிகப்பெரிய போட்டிகளை ஒரு சக வீரனுக்காகப் பணயம் வைத்த அந்த மனத்துணிவை அவருடைய எந்தப் பதக்கத்துக்கும் கீழாக என்னால் வைக்க முடியவில்லை. யுங்விர்த் 1957இல் 1,500 மீட்டரில் உலக சாதனை படைத்தார்.

ஹெல்சின்கியின் தொடக்க விழாவில் தீபத்தை அரங்குக்குள் ஏந்தி வந்தவர் ஸாட்டோபெக்கின் இளமைக்கால ஆதர்சமான பின்லாந்து நெடுந்தூர ஓட்டக்காரர் பாவோ நூர்மி. அதற்கடுத்த நாளே 10,000 மீட்டர். தகுதிச் சுற்று இல்லாத நேரடி இறுதிப் போட்டி. 29 நிமிடம் 17 விநாடி, அதாவது சுற்றுக்குச் சராசரி 70 விநாடிக்குச் சற்று மேல். மிமூன் மீண்டும் இரண்டாமிடம். இதில் விவரிக்க அதிகமில்லை. அந்தத் தொலைவில் அவருக்கு இணை அன்று யாருமில்லை.

5,000 மீட்டர் வேறு வகைப் பந்தயம். கடைசிச் சுற்றின் மணி ஒலித்ததும் ஸாட்டோபெக் முன்னே பாய்ந்தார். ஆனால் எதிர்ப்புற நேர்கோட்டில் பிரிட்டனின் கிறிஸ் சாட்டவே, ஜெர்மனியின் ஹெர்பர்ட் ஷாடே, மிமூன் மூவரும் அவரைக் கடந்தனர். 200 மீட்டர் மிச்சமிருக்கையில் அவர் நான்காமிடம். கடைசி வளைவில் வெளிப்புறத் தடத்துக்கு வந்து மூவரையும் ஒரே வீச்சில் தாண்டினார். சாட்டவே ஓடுதள விளிம்பில் கால் தட்டி விழுந்தார். ஸாட்டோபெக் 14 நிமிடம் 6.6 விநாடியில் வென்றார், மிமூன் 0.8 விநாடி பின்னால். அந்தக் கடைசிச் சுற்று ஏறத்தாழ 58 விநாடி. பதினோரு சுற்றுக்கு மேல் ஓடிக் களைத்த கால்கள் மறுபடி வேகம் எடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? நாள்தோறும் இருபதாவது, நாற்பதாவது 400 மீட்டரை முடித்த பின் மிஞ்சிய 200 மீட்டர்களை ஓடிப் பழகியதிலிருந்துதான் என்பது என் கணிப்பு. அதே நாள் பிற்பகலில் அவர் மனைவி டானா ஈட்டி எறிதலில் 50.47 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். கணவரும் மனைவியும் ஒரே ஆண்டு, ஒரே மாதம், ஒரே தேதியில் பிறந்தவர்கள். ஒரே நாளில் ஒலிம்பிக் தங்கமும் பெற்றார்கள்.

மாரத்தானில் எதிர்பார்ப்பு முழுவதும் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ் மேல் இருந்தது. ஆறு வாரம் முன்புதான் அவர் 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி உலகின் மிகச் சிறந்த நேரத்தைப் பதிவுசெய்திருந்தார். அனுபவமில்லாத ஸாட்டோபெக் எளிய உத்தியைக் கைக்கொண்டார்: அறிந்தவரின் பக்கத்தில் ஓடுவது. பீட்டர்ஸ் முதல் 10 கிலோமீட்டரை 32 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடந்தார். அவருடைய உலகச் சிறப்பு நேரத்தின் சராசரியைவிட அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 விநாடி வேகம் அதிகம். வழியில் ஸாட்டோபெக் அவரிடம் இந்த வேகம் சரிதானா என்று கேட்டதும், போதாது என்று பீட்டர்ஸ் பதிலளித்ததும் பலராலும் சொல்லப்படுகிற செய்தி. அந்தப் பதில் எந்த எண்ணத்தில் சொல்லப்பட்டிருந்தாலும், ஸாட்டோபெக் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு முன்னே சென்றார். பீட்டர்ஸ் 30 கிலோமீட்டரைக் கடந்த பிறகு தசைப்பிடிப்பால் விலகினார்.

இங்கே கணக்கைக் கவனிக்க வேண்டும். ஸாட்டோபெக்கின் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியை 400 மீட்டர் சுற்றுகளாக்கினால் சுற்றுக்கு 81 விநாடி சொச்சம். 70 விநாடிச் சுற்றுகளில் வாழ்ந்தவருக்கு அது மூச்சுவிடப் போதிய இடம் தரும் வேகம். பாதையோரப் பத்திரிகையாளர்களிடமும் காவலர்களிடமும் பேசிக்கொண்டே ஓடியதாகச் சொல்லப்படுவது இதனால்தான் நம்பத்தக்கதாகிறது. அவருக்குப் புதிதாக இருந்தது தொலைவு மட்டுமே. அதையும் பயிற்சி நாட்களின் மொத்த ஓட்டம் ஏற்கெனவே பெரும்பாலும் நிரப்பியிருந்தது. முந்தைய ஒலிம்பிக் சாதனையை அவர் ஆறு நிமிடத்துக்கு மேல் குறைத்தார். இரண்டாவதாக வந்த அர்ஜென்டினாவின் ரெய்னால்டோ கோர்னோ இரண்டரை நிமிடம் பின்னால் அரங்குக்குள் வந்தார். சற்று முன் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றிருந்த ஜமைக்கா வீரர்கள் ஸாட்டோபெக்கைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

இந்த மூன்று வெற்றிகளில் கால அட்டவணைக்கும் பங்குண்டு. 10,000 மீட்டருக்குத் தகுதிச் சுற்று இல்லை. 5,000 மீட்டர் இறுதிக்கும் மாரத்தானுக்கும் நடுவே இரண்டு முழு நாட்கள் இருந்தன. 1976 மொன்றியாலில் பின்லாந்தின் லாசே விரேன் இதே மும்மையை முயன்றார். அவர் தகுதிச் சுற்றுகளையும் ஓடி, இரு தங்கங்களையும் வென்று, 5,000 மீட்டர் இறுதிக்கு மறுநாளே மாரத்தானில் நின்று ஐந்தாவதாக வந்தார். இந்த ஒப்பீடு ஸாட்டோபெக்கின் சாதனையைக் குறைப்பதற்காக அன்று. எந்தச் சூழலில் அது இயன்றது என்பதைத் தெளிவாக்கவே.

1954 மே 30 அன்று பாரிசில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 57.2 விநாடியில் ஓடி, 1942 முதல் நிலைத்திருந்த, ஸ்வீடன் ஓட்டக்காரர் குண்டர் ஹேகின் உலக சாதனையை முறியடித்தார். இரண்டு நாள் கழித்து பிரஸ்ஸல்ஸில் 10,000 மீட்டர், 28 நிமிடம் 54.2 விநாடி, 29 நிமிடத்துக்குள் அத்தொலைவை ஓடிய முதல் மனிதர். அதுவே உச்சம், அதுவே சரிவின் தொடக்கமும். 1948 முதல் 10,000 மீட்டரில் தொடர்ந்து 38 பந்தயங்களை வென்றிருந்தவர், அந்தக் கோடையில் ஹங்கேரியின் யோசெஃப் கோவாச்சிடம் தோற்றார். ஆகஸ்டில் பெர்ன் ஐரோப்பியப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கம் கிடைத்தது. 5,000 மீட்டரிலோ சோவியத் ஒன்றியத்தின் விளாதிமிர் கூட்ஸ் முதல் சுற்றிலிருந்தே தனியே சென்று உலக சாதனையுடன் வென்றார். ஸாட்டோபெக் சாட்டவேக்கும் பின்னால் மூன்றாமிடம்.

அவருக்கு அப்போது 31 வயது. வயது ஒரு காரணம்தான். ஆனால் யார் முந்தினார்கள் என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பிரிட்டனின் கார்டன் பிரி 1948இல் லண்டனில் ஸாட்டோபெக்கின் ஓட்டத்தைக் கண்டு உந்துதல் பெற்று, அதே வழியில் கடும் பயிற்சியை மேற்கொண்டவர். 1956இல் 5,000 மீட்டரை 13 நிமிடம் 36.8 விநாடியாகக் குறைத்தார். கூட்ஸின் பயிற்சியும் 400 மீட்டர் துண்டுகளின் மேல் கட்டப்பட்டது. பல மொழிகள் பேசிய ஸாட்டோபெக் தம்மிடம் கேட்ட எவருக்கும், எதிரணி வீரருக்கும்கூட, தாம் செய்வதை விளக்கிச் சொன்னார். அவரிடமிருந்த தனிச்சிறப்பு ஐந்தாறு ஆண்டுகளில் அனைவருக்கும் பொதுவான முறையாகிவிட்டது. அதன்பின் அதே முறையை இளைய கால்களும் அவரைவிட இயல்பான வேகமும் கொண்டவர்கள் கையாண்டபோது, அவரால் செய்ய முடிந்தது எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும்தான். அந்த வழியும் ஓர் எல்லையில் முடிந்தது.

1956இல் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவர் சொன்ன ஓய்வை முழுமையாக எடுக்காமலே மெல்போர்ன் மாரத்தானில் ஓடினார். 2 மணி 29 நிமிடம் 34 விநாடியில் ஆறாமிடம். வென்றவர் அலன் மிமூன். இரண்டு ஒலிம்பிக்கில் மூன்று முறை ஸாட்டோபெக்குக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர். தம் வெற்றியைக் கொண்டாடப் போகாமல் அவர் முடிவுக்கோட்டருகே காத்திருந்தார். விவரம் அறிந்த ஸாட்டோபெக் முதலில் இராணுவ முறையில் அவருக்கு வணக்கம் செலுத்தி, பின் தழுவிக்கொண்டார். 1957இல் ஸாட்டோபெக் போட்டி ஓட்டத்திலிருந்து விலகத் தொடங்கினார்.

1968இல், பிராக் வசந்தம் எனப்படும் செக்கோஸ்லோவாக்கிய அரசியல் சீர்திருத்தக் காலத்தில், சீர்திருத்தத்தை ஆதரித்து 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் கையொப்பமிட்டார். சோவியத் படைகள் நுழைந்தபோது வெளிப்படையாக எதிர்த்தார். கட்சியிலிருந்தும் இராணுவத்திலிருந்தும் நீக்கப்பட்டு, நிலத்தடி ஆழ்துளைப் பணியில், வீட்டைவிட்டு ஆண்டுக்கணக்கில் வெளியூர்களில் உழைத்தார். 1971இல் தம் நிலைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. யுங்விர்த்துக்காக நின்ற அதே மனிதர் இதையும் செய்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுத் தண்டனை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அறியாதவர்கள் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. 1990இல் அவருடைய மதிப்பு அரசால் மீட்டளிக்கப்பட்டது. 2000 நவம்பரில் பிராக் நகரில் காலமானார்.

1968இல் நேர்ந்த அந்த வீழ்ச்சிக்கு இரண்டு ஆண்டு முன், 1966இல், ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் பிராக் வந்திருந்தார். 10,000 மீட்டரில் அவர் அதற்கு முந்தைய ஆண்டு படைத்த உலக சாதனை 27 நிமிடம் 39.4 விநாடி, ஸாட்டோபெக்கின் மிகச் சிறந்த நேரத்தைவிட 74.8 விநாடி குறைவு. அத்தனை சாதனைகள் இருந்தும் அவருக்கு ஒலிம்பிக் தங்கம் வாய்க்கவில்லை. விமான நிலையத்தில் விடைகொடுக்கும்போது ஸாட்டோபெக் அவர் கையில் ஒரு சிறு பொட்டலத்தை வைத்தார். விமானம் கிளம்பிய பிறகு கிளார்க் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது 1952 ஜூலை 20 அன்று ஹெல்சின்கியில் 10,000 மீட்டருக்குக் கிடைத்த தங்கப் பதக்கம்.